பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு

காரின் பெட்ரோல் டேங்கில் எழும் ஆவி வெளிக்காற்றில் கலக்காமல் தடுத்து, எஞ்சினிலேயே எரிக்கும் அமைப்பு. பெட்ரோல் ஆவியிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் புகைப்பனி உருவாகக் காரணமாவதால், கலிஃபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், 1971 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் இது கட்டாயமானது.

இயக்கம்: டேங்கிலிருந்து குழாய் வழியே வரும் ஆவியை, கானிஸ்டர் எனப்படும் குடுவையிலுள்ள கிளர்வுற்ற கரி தன் நுண்துளைப் பரப்பில் பிடித்துவைக்கும். எஞ்சின் சூடேறி ஓடும்போது காரின் கணினியின் கட்டளைப்படி, குடுவைக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சினின் உறிஞ்சலால் வென்ட் வால்வு வழியே குடுவைக்குள் நுழையும் வெளிக்காற்று, கரியில் ஒட்டிய ஆவியைப் பிரித்தெடுத்து எரியறைக்குக் கொண்டுசெல்லும்.

பழுதுகள்: டேங்க் மூடி சரியாக மூடாதிருந்தாலோ குழாயில் விரிசல் விட்டாலோ எச்சரிக்கை விளக்கு எரியலாம். பங்கில் நாசில் தானாக நின்றபின்னும் பெட்ரோலை நிரப்பினால், திரவம் குடுவைக்குள் புகுந்து கரியைக் கெடுக்கும்.