வீதி ஒன்று, தொகை இரண்டு: புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியத்தின் வரலாறு (1881–2011)

முன்னுரை

தாய்நாட்டு ஓய்வூதியத்தை அயல்நாட்டில் பெறுபவர் என்றால், ஊரைவிட்டுப் போன ஒருவரே நம் நினைவுக்கு வருவார். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று அழைக்கப்பட்ட முன்னாள் பிரெஞ்சுப் படைவீரரின் நிலை வேறு. பணிக்காலம் முடிந்து பிறந்த ஊருக்கே திரும்பி, சொந்த வீட்டில் குடியிருந்தவர் அவர். 1962இல் அந்த ஊர் சட்டப்படி இந்தியாவாயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொண்டவர் பிறந்த மண்ணிலேயே அயல்நாட்டவர் ஆனார். ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது ஒருவர் செய்த பணியா, அவர் கையிலுள்ள கடவுச்சீட்டா என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது. இக்கேள்விக்குப் பிரெஞ்சுச் சட்டம் காலந்தோறும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

செஞ்சியும் எல்லைக்கோடும்

யாருக்குப் பிரெஞ்சுப் படையில் சேர வழியிருந்தது என்பதை எல்லைக்கோடே தீர்மானித்தது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. செஞ்சியும் அதை அடுத்த மேல்மலையனூரும் பின்னர் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கின. 1814 ஒப்பந்தப்படி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்த புதுச்சேரி ஒரே நிலப்பரப்பாக இல்லை. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு எனத் தென்னார்க்காட்டு ஊர்களுக்கு இடையிடையே அது சிதறிக் கிடந்தது. பேச்சிலும் வழிபாட்டிலும் உறவுமுறையிலும் வேறுபாடில்லாத ஊர்களில், எல்லையின் பிரெஞ்சுப் பக்கம் பிறந்தவருக்கு மட்டும் பிரெஞ்சுப் படையின் கதவு திறந்திருந்தது.

பணியின் வழியே வந்த உரிமை

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச்சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழி செய்தது. அதன்படி துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்த வழக்கால் பெயர்பெற்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ என்ற குடும்பப் பெயரை ஏற்றார். இப்பிரிவினர் பலர் சைகோனுக்குப் போய்ச் சுங்கம், காவல், சிறை, அலுவலகம் எனப் பல துறைகளில் வேலை பார்த்தனர். படையில் சேர்ந்தவர்கள் இந்தோசீனப் போரிலும் அல்ஜீரியப் போரிலும் பணியாற்றினர்.

அதிகாரி நிலைக்குக் கீழுள்ள படைவீரர் 15 ஆண்டுப் பணியிலேயே ஓய்வூதியம் பெறலாம் என்று அன்றிருந்த விதி இதில் முக்கியமானது. பதினெட்டு வயதில் சேர்ந்தவர் முப்பத்து மூன்றில் வீடு திரும்பலாம். அதன்பின் அவர் ஆயுள் முழுதும் வரும் பணம் வீடு கட்டவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் உதவியது. அவருக்குப் பின் மனைவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பெறப் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் குடிமைப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பதிவேட்டை அக்கறையோடு பேணும் பழக்கம் சொல்தா குடும்பங்களில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆறு மாதத் தவணை

1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அவ்வொப்பந்தம் ஓய்வூதியப் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்தது. பிரான்சின் மைய வரவு-செலவிலிருந்து வழங்கப்பட்டவற்றைப் பிரான்சு தொடர்ந்து வழங்கும். பெறுபவர் இந்தியக் குடிமகனாகிவிட்டாலும் அப்பொறுப்பு நீங்காது. உள்ளூர் வரவு-செலவைச் சார்ந்தவற்றை இந்தியா ஏற்கும்.

குடியுரிமைக்கு வேறு விதி. புதுச்சேரி நிலப்பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியராவர். பிரெஞ்சுக்காரராக நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும். அங்கே பிறந்து, செஞ்சி போன்ற இந்திய ஊர்களில் குடியேறியிருந்தவர்க்கும் இதே தவணைதான். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தனர். சிறு பிள்ளைகளின் குடியுரிமை பெற்றோர் முடிவைப் பொறுத்தது. எழுதிக் கொடுத்தவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே.

உறைந்த தொகை

இந்த ஆறு மாத முடிவுக்குள் ஒரு பொருளாதார விளைவும் மறைந்திருந்தது. 1959 டிசம்பர் 26இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு நிதிச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிரெஞ்சு ஒன்றியத்தைச் சேர்ந்திருந்த நாடுகளின் குடிமக்கள் பெற்ற ஓய்வூதியங்களை 1961 ஜனவரி 1 முதல் ஆண்டுத் தொகையாக மாற்றியது. மாற்றிய நாளின் விகிதமே நிலைத்தது. பிரான்சில் விலைவாசியோடு ஓய்வூதியம் ஏறினாலும் இத்தொகை ஏறாது. பெறுபவரின் வாழ்நாளோடு அது முடியும் என்பதும் அச்சட்டத்தின் வாசகம். மனைவியின் பங்கு அங்கேயே அடிபட்டது. பிரெஞ்சில் இதனை ‘படிகமாக்கல்’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தனர்.

பழைய பிரெஞ்சிந்தியரில் இந்தியக் குடிமக்களாகிவிட்டவரையும் உள்ளடக்கும் அளவுக்கு அச்சட்டத்தின் சொற்கள் விரிந்தவை. பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிப் பெற்றவரை அவை தொடவில்லை. ஒரே படைப்பிரிவில் ஒரே காலம் பணியாற்றி, ஒரே வீதிக்குத் திரும்பிய இருவருக்கு இரண்டு விகிதங்கள் அமைய இது இடம் தந்தது. ஒப்பந்தம் கொடுத்த உறுதி சொல்லளவில் மீறப்படவில்லை: பிரான்சு தொடர்ந்து பணம் தந்தது. பணத்தின் மதிப்பை அது காக்கவில்லை.

வழக்குகளின் வழியே மாற்றம்

மாற்றத்துக்கான போராட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. செனகலைச் சேர்ந்த 743 முன்னாள் வீரர்களின் முறையீட்டில், குடியுரிமையைக் காட்டி வேறுபடுத்துவது சமத்துவ உரிமைக்கு முரண் என்று 1989 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துரைத்தது. செனகலின் தியோப் தொடர்ந்த வழக்கில் 2001 நவம்பர் 30இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது: ஓய்வூதியம் முன்பு செய்த பணிக்கான ஈடு, பெறுபவர் எந்நாட்டவர் என்பது அதற்குப் பொருட்டாகாது.

அரசு 2002இல் அளவுகோலை மாற்றிப் பார்த்தது. ஓய்வூதியம் முதலில் கணக்கிடப்பட்டபோது வாழ்ந்த நாட்டின் வாங்கும் திறனுக்கேற்பத் தொகை அமையும் என்றது. வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றிய ‘அந்திஜேன்’ திரைப்படம் 2006இல் எழுப்பிய விவாதத்துக்குப் பின், ஊன ஓய்வூதியமும் போர்வீரர் படித்தொகையும் 2007 முதல் சமமாக்கப்பட்டன. பணி ஓய்வூதியம் எஞ்சியது. 2010 மே 28இல் பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம், வழக்காடுவோர் எழுப்பும் உரிமைக் கேள்வி என்ற புதிய நடைமுறையில் தான் வழங்கிய முதல் தீர்ப்பிலேயே இதனைத் தீர்த்தது. வாழும் இடத்தின் செலவை அளவுகோலாகக் கொண்டால், ஒரே அயல்நாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரரையும் பிறரையும் வேறுபடுத்த முடியாது என்பது அதன் வாதம். வழக்கு அல்ஜீரியக் குடும்பம் ஒன்றினுடையது. அதன் தர்க்கம் புதுச்சேரி வீதிக்கு அப்படியே பொருந்துகிறது. 2011 ஜனவரி 1 முதல், விண்ணப்பித்தவர்க்குச் சம விகிதம் கிடைத்தது.

முடிவுரை

அரை நூற்றாண்டில் பிரெஞ்சுச் சட்டம் பணியிலிருந்து குடியுரிமைக்கும், அங்கிருந்து வாழிடத்துக்கும் போய், மறுபடி பணிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2011இன் திருத்தம் பின்னோக்கிச் செல்லவில்லை; அதற்குமுன் இறந்தவர்கள் இழந்த வேறுபாட்டுத் தொகை ஈடுசெய்யப்படவில்லை. அதே ஆண்டு ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு உடன்பாடு, இரு நாட்டிலும் கட்டிய சந்தாக் காலங்களைச் சேர்த்துக் கணக்கிடவும், ஓய்வூதியத்தை மற்ற நாட்டில் பெறவும் வகை செய்கிறது. அங்கே உரிமைக்கு அடிப்படை கட்டிய சந்தாவும் உழைத்த காலமும். 1962இல் தவணைக்குள் எழுதித் தர வேண்டியிருந்த அந்த ஒரு தாளில் குடும்பத்தின் வருங்கால வருமானத்தையும் சேர்த்து முடிவெடுக்கும் நிலை, இன்று பாரிசுக்கு வேலைக்குப் போகும் செஞ்சி இளைஞருக்கு இல்லை.