ஃபோர்மட் பண்ண முன் ஒரு நிமிடம்

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் பாவிக்கும் கணினியில், இடம் காணாதென்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று வந்து நிற்கும். "எல்லாம் போச்சு, ஃபோர்மட் பண்ணுவோம்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். இது நாற்பது வருடக் கதை.

1983இல் ஐபிஎம், 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. அதனோடு வந்த டொஸ் 2.0, வன்தட்டின் முதல் 512 பைட்டை ஒதுக்கி வைத்தது. நான்கு பார்ட்டிஷன்களின் விபரத்துக்கு 64 பைட், அடையாளத்துக்கு 2 பைட். கணினியை எழுப்பும் நிரலுக்கு மிஞ்சியது 446 பைட் மாத்திரமே.

1995இல் எரிக் போலின் 'கிரப்'பை உருவாக்கத் தொடங்கினார். எந்த முறைமை வேண்டும் என்று கேட்கும் நிரல் 446 பைட்டுக்குள் அடங்குமா? ஆகவே தொடக்கத்தில் சிறு துண்டு, மீதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். அதை அழித்தால் அந்தத் துண்டு தன் மீதியைத் தேடித் தவிக்கிறது. அவ்வளவுதான்.

விண்டோஸும் உங்கள் கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. பழைய முறைக் கணினியென்றால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவால் எழுப்பி, கட்டளைத் திரையில் 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' தெரிவுடன் கொடுங்கள். புதிய யூஈஎஃப்ஐ கணினியில் எழுப்பும் கோப்புகளுக்கென்றே தனிப் பார்ட்டிஷன் உண்டு. பூட் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மெனேஜர்' என்பதை முதலாவதாக்கிப் பாருங்கள். அந்தச் சிறிய பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஃபோர்மட் பண்ணினால்தான் குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் உண்மையிலேயே போகும்.