பொன்பரப்பியில் முடிந்த கட்சி

பொன்பரப்பி இருக்கும் அரியலூர் பகுதி எண்பதுகளில் திருச்சி மாவட்டம். பொன்பரப்பிப் பக்கத்துத் தமிழரசன் கோவையில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு நக்சல்பாரி இயக்கத்துக்குப் போனார். பெண்ணாடம் பகுதிப் புலவர் கலியபெருமாளோடு சேர்ந்து எண்பதுகளில் தமிழ்நாடு பொதுவுடைமைக் கட்சியைக் (மா.லெ) கட்டினார், அதன் ஆயுதப் பிரிவுதான் தமிழ்நாடு விடுதலைப்படை. சாதி ஒழிப்பைப் பேசிய தமிழரசனின் மீன்சுருட்டி அறிக்கை, அன்றைய இடதுசாரிகள் பலர் தொடத் தயங்கிய கேள்வியைத் தொட்டது.

வெடிகுண்டு வேறு கதை. 1987 மார்ச்சில் விடுதலைப்படையினர் மருதையாற்றுப் பாலத்தைத் தகர்க்க, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்களுக்காக என்று கிளம்பியவர்களுக்குப் பலியானது ரயிலில் போன சாதாரண மக்கள்தான்.

அதே ஆண்டு செப்டம்பர் 1. பொன்பரப்பி வங்கியைக் கொள்ளையடிக்க வந்த தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். கூட்டத்தில் மாறுவேடப் போலீசார் இருந்தார்கள் என்பது ஆதரவாளர்கள் வாதம்.

கட்சி சிதறியது. மிஞ்சிய படையினர் 2000இல் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனோடு கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தலில் தலைகாட்டினார்கள். 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் கீழ் படைக்குத் தடை வந்தது.