பூட்டிய கோயில்கள்: மட்டக்களப்புக் கண்ணகை வழிபாட்டிடங்களின் அமைப்பும் சடங்குப் பொருள்களும்

ஈழத்துக் கோயிற் கட்டடக்கலை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொலநறுவையின் வானவன்மாதேவி ஈச்சரத்தோடு தொடங்குவர். கருங்கல்லும் கல்வெட்டும் இல்லாத கோயில்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே செட்டிபாளையம், படுவான்கரையிலே முதலைக்குடா, தெற்கே காரைதீவு, தம்பிலுவில் முதலாய ஊர்களில் உள்ள கண்ணகை அம்மன் கோயில்கள் அவ்வாறு விடுபட்டவையே. அவற்றைக் கட்டடம் என்ற அளவில் மட்டும் நோக்கின் சொல்வதற்கு அதிகமில்லை. மண்சுவர், கிடுகுக் கூரை, ஒரு சிற்றறை, அதன் முன்னே ஒரு மண்டபம், சுற்றிலும் வெண்மணல் முற்றம். பழைய அமைப்பு பெரும்பாலும் இவ்வளவே.

எனினும், இவ்வெளிமை வறுமையினால் மட்டும் வந்ததன்று. ஆகமக் கோயில் நாள்தோறும் திறக்கப்படுவதற்கென அமைந்தது. கண்ணகை கோயிலோ ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடப்பதற்கென்றே அமைந்தது. வைகாசியிற் ‘கதவு திறத்தல்’ நிகழும்; சில நாட்கள் சடங்கு நடைபெறும்; பூரணையை அண்டிக் ‘குளிர்த்தி’ பாடி, மதுரையை எரித்தவளின் சினத்தை நீராலும் வேப்பிலையாலும் தணித்தபின் கதவு மீண்டும் அடைபடும். இங்கு ‘திருவிழா’ என்னாது ‘சடங்கு’ என்றே வழங்குவர் என்பதும் நோக்கற்பாலது. பந்தல், தோரணம், வெள்ளை மேற்கட்டி ஆகியன ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்பட்டு அவிழ்க்கப்படுவன. ஆகவே இக்கோயிலின் வரலாற்றைச் சுவரிலன்றி, அறைக்குள்ளிருந்து வெளிவரும் பொருள்களிலேயே தேடவேண்டும்.

அப்பொருள்களுள் முதன்மையானவை அம்மனின் முகக்களையும் சிலம்பும். பெட்டகத்துள் வைத்துப் பேணப்பட்டுச் சடங்குக் காலத்திலே வெளியே எடுக்கப்படுவன அவை. பிரம்பும் உடுக்கும் அம்மானைக்காயும் திரைச்சீலையும் உடன் உள்ளன. இவ்வரிசையில் ஏட்டையும் சேர்த்தல் வேண்டும். 1968இல் வி. சீ. கந்தையா பதிப்பித்த ‘கண்ணகி வழக்குரை’ நமக்கு ஓர் இலக்கியம். கோயிலுக்கோ அது ஒரு தளபாடம். இடைக்கால இங்கிலாந்தின் பங்குக் கோயில்களில், எழுத்தறியாத குடியானவர் காணும்பொருட்டு இறுதித் தீர்ப்பின் காட்சியைச் சுவரிலே தீட்டினர். இங்கே சுவர் வெறுமையானது. மதுரைக் கதை உடுக்கொலியோடு செவிவழியே தீட்டப்பட்டது. யாழ் நூலை ஆக்கிய விபுலாநந்தர் 1892இற் பிறந்த ஊர் காரைதீவு என்பதை இங்கு நினைவுகூராதிருத்தல் இயலாது.

அவ்வாங்கிலக் கோயில் மற்றொரு வகையிலும் ஒப்புநோக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டு முதல் அங்கே பலிபீடப் பகுதியைப் பேணுதல் குருவின் கடன். மக்கள் நிற்கும் நடுமண்டபத்தைப் பேணுதல் பங்கு மக்களின் கடன். இரண்டுக்குமிடையே செதுக்கு மரத்திரை நிற்கும். கட்டடத்தைப் பார்த்தே அதிகாரப் பங்கீட்டை அறியலாம். மட்டக்களப்பில் இப்பங்கீடு பொருள்களிலும் பணிகளிலும் பதிந்துள்ளது. திரைக்கு உட்புறம் பிராமணரல்லாத கப்புகனாருக்கு உரியது. கோயிற் சொத்து வண்ணக்கரின் பொறுப்பு. (பொன்னின் மாற்றையும் நாணயத்தையும் நோட்டமிட்டவரைக் குறித்த இச்சொல் சங்கப் புலவர் பெயர்களில் உண்டு, கோயிற் பதவியாக அது இங்கு வாழ்கின்றது.) உரிமைகள் தாய்வழிக் குடிகளின் ஒழுங்கிலே செல்வன. மேற்கட்டிக்கு வெள்ளை கட்டுவோர் வண்ணார். பறைமேளம் முழக்குவோர் பறையர். அவர்களின்றிச் சடங்கு தொடங்காது. ஆயினும் அவர்களுக்குரிய இடம் வாயிலுக்கு வெளியேதான். இன்றியமையாமையும் இழிவும் ஒரே கயிற்றில் முடியப்பட்டிருந்த அமைப்பு இது. இதனைப் ‘பண்பாட்டுத் தனித்துவம்’ என்று மட்டும் போற்றிச் செல்வது ஆய்வாகாது.

1978 நவம்பர் சூறாவளியும், பின்வந்த போரும், கரையோரத்தில் 2004 திசெம்பர் ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்தின் கட்டடங்களைச் சிதைத்தன. சிதைவு ஏற்படாத இடங்களிலும் திருப்பணி வந்தது. சீமெந்து மண்டபமும் விமானமும் எழுந்தன. பல கோயில்களில் ஆகமமுறைப் பூசையும் புகுந்தது. நாள்தோறும் திறக்கும் கோயிலிற் ‘கதவு திறத்தல்’ பாடுவதன் பொருள் என்ன என்ற வினா எழுதல் இயல்பே. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலே ‘புதுப்பித்தல்’ என்ற பெயரிற் பழஞ்சுவர்கள் சுரண்டப்பட்டபோது, அதனை எதிர்த்து 1877இல் வில்லியம் மொறிஸ் ஒரு சங்கம் நிறுவினார். அவர் சமதர்மவாதியாகவும் விளங்கியவர். பழமையைக் காப்பதும் பழமையின் ஏற்றத்தாழ்வைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கிடுகுக் கூரையைத் திரும்ப வேயச் சொல்வது நம் நோக்கமன்று. மழைக்கு ஒழுகாத கூரையை விரும்ப ஊராருக்கு உரிமையுண்டு. ஆனால் இடிக்குமுன் அளத்தல் வேண்டும். அறையின் நீள அகலம், பெட்டகத்தின் மரம், ஏட்டின் நிலை, திறவுகோல் எக்குடியிடம் இருந்தது என்பன பதியப்படல் வேண்டும். வாயிலிலிருந்து பறைமேளகாரர் நின்ற இடம் எத்தனை அடி தொலைவு என்பதும் அவ்வளவையில் இடம்பெறல் வேண்டும்.