விமானிப் பணிக்கான நேர்காணல்

விமானிப் பணிக்கான நேர்காணல் என்பது பயணிகள் விமான நிறுவனங்கள் விமானிகளைத் தெரிவு செய்யும் முறையின் ஒரு கட்டம் ஆகும். எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, பறத்தல் ஒப்புருவாக்கியில் சோதனை ஆகியனவும் பெரும்பாலும் இதனுடன் நடத்தப்படுகின்றன.

ஆவணங்கள்

இந்தியாவில் துணை விமானியாகச் சேர வணிக விமானி உரிமமும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் தேவை. பறத்தற் பதிவேடு கூர்ந்து ஆராயப்படும். 2011 இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற சிலர் இந்தியாவில் கண்டறியப்பட்டனர்.

நுட்பக் கேள்விகள்

வி1 வேகத்தைக் கடந்தபின் ஒரு பொறி செயலிழந்தாலும் மேலெழுவது ஏன் என்பது வழக்கமான கேள்வி. எஞ்சிய ஓடுபாதைக்குள் விமானத்தை நிறுத்த இயலாமற் போகலாம் என்பதே காரணம். வரையறையை ஒப்புவிப்பதை விடக் காரணத்தை விளக்குவதே பயன் தரும்.

கூட்டுப் பணி

தலைமை விமானி தவறு செய்தால் என்ன செய்வீர் என்ற கேள்வியே கடினமானது. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் இருக்கிறதா என்று பறப்புப் பொறியாளர் ஐயம் எழுப்பியும், தலைமை விமானி ஓட்டத்தை நிறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளின் பின்னரே விமானியறைக் கூட்டுப் பணிக்கான பயிற்சி உருவானது. யுனைட்டெட் ஏர்லைன்சு 1981 இல் அதனைத் தொடங்கியது. எனவே மூத்தவர் என்பதற்காக அமைதி காப்பேன் என்பது ஏற்கத்தக்க விடையன்று. உடனே கட்டுப்பாட்டைப் பறிப்பேன் என்பதும் அவ்வாறே. முதலில் பிழையைச் சுட்டிக் காட்டி, பின்னர் அழுத்தமாக மீண்டும் கூறி, பதில் இல்லாது ஆபத்து நெருங்கினால் மட்டுமே கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும்.