உட்காருவதற்கு ஒரு சட்டம்

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைகிறோம். "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்கும் பெண் நமக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நிற்கிறாள். காலையில் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவள். அந்த பஸ்ஸிலும் நின்றுதான் வந்திருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்ததும் இப்பெண்களுக்குப் புடவை ரகங்களும் மடிப்பும் கற்றுத்தரப்படுகின்றன. கூடவே சுவரில் சாயக்கூடாது, பக்கத்துப் பெண்ணோடு பேசக்கூடாது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பதும். நிர்வாகம் இதைப் பயிற்சி என்கிறது. யார் முன்னால் யார் உட்காரலாம் என்று சாதியும் வீடும் வகுத்துவைத்த பழைய கணக்குதான், கடைக்குள் வந்ததும் 'கஸ்டமர் சர்வீஸ்' ஆகிவிட்டது.

இதன் வரலாறு நீண்டது. கடைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று பிரிட்டன் 1899இலேயே சட்டம் போட்டது: மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி செய்துதரச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமோ வேலை நேரத்தையும் விடுமுறையையும் பேசியது, இருக்கையைப் பேசவில்லை. இயந்திரத்தின் முன் நிற்பவரின் கால் வலிக்கும் என்று ஒப்புக்கொண்ட அரசுக்கு, புடவை அடுக்கின் முன் நிற்பவளின் கால் கண்ணில் படவில்லை.

படவைத்தவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு நாற்காலி. பெரிய தொழிற்சங்கங்கள் இவர்களைப் பொருட்படுத்தாத காலம் அது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டத்திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். அவருடைய திட்டக்குடித் தொகுதியும் விழுப்புரமும் 1993 வரை ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. மசோதா நிறைவேறி 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஆண் பெண் எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்கிறது அது. ஏறக்குறைய 1948இன் அதே வாசகம். கடைக்கு வந்துசேர 73 ஆண்டுகள்.

ஆனால் 'தகுந்த' என்றால் எத்தனை? 1899இன் சட்டத்தில் இருந்த எண் நம்முடையதில் இல்லை. 'வாய்ப்பு' எப்போது வந்தது என்பதையும் அந்தப் பெண் முடிவு செய்வதில்லை. மாடிப்படி அருகே நிற்கும் சூப்பர்வைசர்தான் முடிவு செய்கிறார். பல கடைகளில் அவரும் நாள் முழுக்க நிற்பவர்தான். 22-ஏ அவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.