மிகை எடை

விண்வெளிப் புனைகதை வழியாக அறிவியலைக் கற்பிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் கதை ஒன்று உண்டு: டாம் காட்வின் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. 1954 ஆகஸ்டில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க இதழில் வெளிவந்தது. தொலைதூரக் கோளொன்றில் காய்ச்சலில் கிடக்கும் ஆண்களுக்கு மருந்து கொண்டுபோகிறது ஒரு சிறு விண்கலம். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் 18 வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒளிந்துகொள்கிறாள். எரிபொருளோ விமானி ஒருவரின் எடைக்கு மட்டுமே அளந்து ஊற்றப்பட்டிருக்கிறது. அவள் உள்ளே இருந்தால் கலம் நொறுங்கும். மருந்தும் போய்ச் சேராது. எனவே அவள் வெற்றுவெளியில் தள்ளப்படுகிறாள். இயற்கை விதிக்கு இரக்கம் கிடையாது என்பது பாடம். காட்வின் அவளை எப்படியாவது காப்பாற்ற முயன்றதாகவும், இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் கதையைத் திரும்பத் திரும்ப அனுப்பி மாற்றச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

கதையின் இயற்பியலில் பிழையில்லை. ஆனால், அந்தக் கலத்துக்குள் யாரும் நுழையாமல் தடுக்க ஓர் அறிவிப்புப் பலகைதான் இருந்தது. புறப்படும் முன் உள்ளே யாரும் தேடிப் பார்க்கவில்லை. அவசரத்துக்கென்று கூடுதல் எரிபொருளும் இல்லை. இவை ஈர்ப்பு விசை இட்ட கட்டளைகள் அல்ல. மனிதர்கள் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளை எடுத்தவர்களை யாரும் விசாரிப்பதில்லை. அறியாமல் ஏறியவளே மிகை எடை ஆகிறாள்.

கதை அச்சானதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், கேத்தரின் ஜான்சன் வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வகத்தில் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். கறுப்பினப் பெண் கணக்கீட்டாளர்களுக்கு அங்கே தனி அறை ஒதுக்கப்பட்டிருந்தது. 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், கணினி தந்த எண்களை ஜான்சன் தம் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டார். கதையில் சமன்பாட்டுக்குப் பலியானவள் பெண். வரலாற்றில் சமன்பாட்டைப் போட்டவரும் பெண்தான்.

ஆனாலும் கலத்தில் அவர்களுக்கு இடமில்லை. மெர்க்குரி திட்டத்து ஆண்களுக்கு நடத்திய உடற்சோதனைகளில் ஜெர்ரி காப் உள்ளிட்ட 13 பெண்கள் தேறியிருந்தார்கள். ராணுவ ஜெட் விமானங்களைச் சோதித்து ஓட்டிய அனுபவம் வேண்டும் என்றது நாசா. அந்த வேலையில் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. 1962 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தப் பிரச்சினை வந்தபோது, பெண்கள் இத்துறையில் இல்லாதது நம் சமூக ஒழுங்கின் உண்மை என்ற பொருளில் சாட்சியம் சொன்னார் அதே கிளென். இயற்கையின் பெயரால் மறைக்கப்பட்டதை, சமூகத்தின் பெயரைச் சொல்லியே அவர் நியாயப்படுத்தினார். மறு ஆண்டு ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வாலன்டினா தெரஷ்கோவா பூமியை 48 முறை சுற்றித் திரும்பினார்.

எடையாக எண்ணப்படாதபோது பெண் கருப்பையாக எண்ணப்படுகிறாள். ஜோவன்னா ரஸ் எழுதி 1977இல் நூலாக வந்த ‘வீ ஹூ ஆர் அபவுட் டு’ நாவலில் ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் ஆளற்ற கோளொன்றில் சிக்குகிறார்கள். மனித குலம் தொடர வேண்டும், பெண்கள் பிள்ளை பெற வேண்டும் என்று குழு தீர்மானிக்கிறது. கதைசொல்லி மறுக்கிறாள். எட்டுப் பேரை வைத்து ஒரு குலம் தழைக்காது என்ற அறிவியலும் அவள் பக்கம்தான். மறுப்பைக் குழு ஏற்கவில்லை. அவள் கொலைவரை போகிறாள். அவளை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘பிழைத்திருத்தல்’ என்ற சொல்லின் விலையை யார் உடலிலிருந்து வசூலிக்கிறார்கள் என்று அவள் கேட்டதை ஒதுக்க முடியாது.

2019 மார்ச்சில் பெண்கள் இருவர் மட்டுமே மேற்கொள்ளவிருந்த விண்நடை தள்ளிப்போனது. அவர்கள் அளவுக்குப் பொருந்தும் விண்ணுடை மேற்பகுதி விண்வெளி நிலையத்தில் ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபரில் கிறிஸ்டினா காக்கும் ஜெசிக்கா மேயரும் வெளியே சென்று வேலையை முடித்தார்கள். வெற்றிடம் ஆண், பெண் பார்ப்பதில்லை. உடையை அளவெடுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். விண்வெளிக் கதைகளை நம் மாணவிகளுக்குச் சொல்லும்போது, சமன்பாட்டோடு சேர்த்து அந்த அளவெடுப்பையும் சொல்லிக்கொடுப்போம்.